மேனேஜர் போய்விட்டார், மிப்ஸ் என் தலையில்: ரெட்டினா கிளினிக்கில் அக்டோபர் 3-க்குள் என்ன செய்வது?

ராரிட்டன்கரை (14 செப்டம்பர் 2025)

எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் ஒரு சின்னக் கண் கிளினிக்கில் ஆறு வருடமாக பில்லிங் பார்க்கிறேன். மூன்று டாக்டர்கள். இரண்டு பேர் ரெட்டினா (விழித்திரை) பார்ப்பவர்கள். மூன்றாமவர் கண்புரை அறுவை செய்பவர், போன வருடம்தான் சேர்ந்தார், வாரத்துக்கு ஒன்றரை நாள் வருவார்.

அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேருக்கு வருடா வருடம் தரவு அனுப்பி, டாக்டருக்கு நூற்றுக்கு மதிப்பெண் வாங்குகிற மிப்ஸ் வேலையை (அந்த மதிப்பெண்ணைப் பொறுத்து மெடிகேர் தரும் பணம் கூடும், குறையும்) இதுவரை எங்கள் மேனேஜர் அம்மாதான் பார்த்துவந்தார். ஆகஸ்ட் கடைசியில் வேலையை விட்டுவிட்டு ஃப்ளோரிடா போய்விட்டார். போகிற அன்று ஒரு நீல பைண்டரையும் மிப்ஸ் தளத்தின் பாஸ்வேர்டையும் என் கையில் கொடுத்தார். பைண்டர் 2023-ஆம் வருடத்தது. பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை.

மூத்த டாக்டர், "நீயே பார்த்துக்கொள், சரியாகச் செய்யாவிட்டால் ஒன்பது சதவீதம் போய்விடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ரெட்டினா டாக்டர்கள் இருவருக்கும் சேர்த்து போன வருடம் மெடிகேர் அனுமதித்த தொகை சுமார் 19 லட்சம் டாலர். அதில் ஒன்பது சதவீதம் என்றால் ஒரு லட்சத்து எழுபதாயிரம்! எனக்குத் தூக்கமே வரவில்லை.

பைண்டரில் டாக்டரின் சிகிச்சைத் தரத்தை அளக்கும் ஆறு அளவீடுகள் எழுதியிருக்கிறது. முதலாவது 14-ஆம் எண், மாக்குலா (விழித்திரையின் மையம்) சிதைவு நோயாளிக்குக் கண்பாவையை விரித்துப் பரிசோதித்தோமா என்பது. எங்கள் தரவைத் திரட்டி மெடிகேருக்கு அனுப்பும் ரெஜிஸ்ட்ரியின் பட்டியலில் அந்த எண்ணைத் தேடினால் கிடைக்கவே இல்லை. நான் ஏதாவது தவறான இடத்தில் தேடுகிறேனா? மெடிகேர் நோயாளிகளை மட்டும் ஒரு எக்செல் தாளில் எடுத்து வைத்திருக்கிறேன், அது போதுமா? மூன்றாவது டாக்டரையும் சேர்த்து அனுப்ப வேண்டுமா? அக்டோபர் 3 என்று பைண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறது, அது எதற்கு என்று எழுதவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

இரவுஷிப்ட் (15 செப்டம்பர் 2025)

மேடம், முதலில் நன்றாகத் தூங்குங்கள். உங்கள் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அது உங்களுக்குச் சாதகமான ஓட்டை.

நான் சென்னையில் ஓஎம்ஆர் பக்கம் ஒரு பில்லிங் கம்பெனியில் பதினொரு வருடமாக அமெரிக்கக் கண் கிளினிக்குகளின் கணக்கு மட்டும் பார்க்கிறேன். வராத பணத்தைக் கேட்டு இன்சூரன்ஸுக்குப் போன் செய்யும் ஏஆர் காலராகச் சேர்ந்தவன். 2017-இல் மிப்ஸ் ஆரம்பித்தபோது "புதுசா ஏதோ வந்திருக்கு, நீ படி" என்று என் தலையில் கட்டினார்கள். ஆகவே உங்கள் நிலைமை நன்றாகவே புரிகிறது.

அந்த 19 லட்சத்தில் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்தின் விலை எவ்வளவு? ரெட்டினா கிளினிக் என்றால் முக்கால்வாசி அதுவாகத்தான் இருக்கும். ஆரம்பத்தில் சட்டத்தில் இருந்த வாசகப்படி கிளினிக்கில் போடும் மருந்துக்கும் (பார்ட் பி மருந்து) இந்த வெட்டு பாயும் என்றுதான் எல்லோரும் பயந்தார்கள். 2018 பிப்ரவரியில் வந்த பட்ஜெட் சட்டம் அதை மாற்றிவிட்டது. வெட்டோ கூடுதலோ டாக்டரின் தொழில்சார் சேவைக்கு மட்டும்தான்: பரிசோதனை, ஓசிடி (விழித்திரை ஸ்கேன்), 67028 என்று நீங்கள் போடும் ஊசிக் கட்டணம், அறுவைக் கட்டணம். ஜே என்று தொடங்கும் குறியீட்டில் போகும் மருந்துப் பணத்தைத் தொடாது. மருந்தைக் கழித்துவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, இந்த வருடம் நீங்கள் செய்வதன் பலன் 2027-இல் வரும் பணத்தில்தான் தெரியும். இரண்டு வருடம் தள்ளி வெட்டுவதால்தான் எந்த டாக்டரும் இதைச் சீரியஸாக எடுப்பதில்லை என்பது என் எண்ணம். வலி வரும்போது காயம் மறந்துபோயிருக்கும்.

14-ஆம் எண்: நீங்கள் சரியான இடத்தில்தான் தேடினீர்கள். 2024-இலேயே அதை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் எல்லா ரெட்டினா டாக்டரும் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு எடுக்கும் அளவீடு அது, யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக்காட்டாது. அப்படிப்பட்டவற்றை முதலில் ஏழு மதிப்பெண்ணோடு நிறுத்துவார்கள், அப்புறம் தூக்கிவிடுவார்கள். அந்த பைண்டரைக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுக்க வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அக்டோபர் 3. மிப்ஸ் மதிப்பெண்ணின் நான்கு பிரிவுகளில் ஒன்று மேம்பாட்டுச் செயல்பாடு, அதாவது கிளினிக் நடக்கும் விதத்தைச் சரிசெய்யும் ஒரு வேலை. தொடர்ச்சியாக 90 நாள் செய்திருக்க வேண்டும். டிசம்பர் 31-இலிருந்து பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் 3 கடைசி நாள். அதைத்தான் அந்த அம்மா வட்டம் போட்டிருக்கிறார். உங்களைப் போல சிகிச்சை தருபவர்கள் 15 பேருக்கு மேற்படாத சின்ன கிளினிக் இந்த வருடத்திலிருந்து ஒரே ஒரு செயல்பாடு செய்தால் அந்தப் பிரிவில் முழு மதிப்பெண்.

அந்த ஒன்றின் மதிப்பு என்ன தெரியுமா? வழக்கமான பங்கீடு: தரம் 30, செலவு 30, மின்பதிவுப் பயன்பாடு 25, மேம்பாடு 15. சின்ன கிளினிக்குக்கு மின்பதிவுப் பிரிவு தானாகவே விலக்கு. ரெட்டினா டாக்டருக்குச் செலவுப் பிரிவில் பெரும்பாலும் கணக்கெடுக்க எதுவும் சிக்காது, ஏனென்றால் கண் துறைக்கென்று இருக்கும் செலவு அளவீடு கண்புரை அறுவைக்கானது. இரண்டும் கழன்றுவிட்டால் மிச்சம் தரம் 50, மேம்பாடு 50. அதாவது ஒரு செயல்பாட்டை ஒழுங்காக 90 நாள் செய்து தேதியோடு எழுதி வைத்தாலே 50 வந்துவிட்டது. வெட்டு இல்லாமல் தப்பிக்க 75 வேண்டும்.

மிச்சம் 25 தரப் பிரிவிலிருந்து வர வேண்டும். ஆறு அளவீடு, ஒவ்வொன்றுக்கும் பத்து, மொத்தம் 60. சின்ன கிளினிக் என்பதற்காக 6 சும்மா போடுவார்கள். ஆக 24 சம்பாதித்தால் போதும், அளவீட்டுக்கு நாலு. ஆறையும் அரைகுறையாகக் கொடுத்தால்கூட சின்ன கிளினிக்குக்குத் தலா 3 கிடைக்கும். அப்படிப் போட்டுப் பாருங்கள்: 18, கூட 6, ஆக 24. அறுபதில் 24 என்றால் ஐம்பதுக்கு 20. மொத்தம் 70. ஐந்து மதிப்பெண்ணில் கோட்டைவிட்டு, அரை சதவீதத்துக்குச் சற்று மேலே வெட்டு வாங்கும் கிளினிக்குகளை வருடா வருடம் பார்க்கிறேன். ஒரே ஒரு அளவீட்டை ஒழுங்காகச் செய்திருந்தாலே தப்பித்திருப்பார்கள்.

உங்கள் எக்செல் தாள் போதாது. ரெஜிஸ்ட்ரி வழியாகக் கொடுப்பதென்றால் எல்லா இன்சூரன்ஸ் நோயாளிகளும் கணக்கில் வருவார்கள், கையிலிருந்து காசு கொடுப்பவர் உட்பட. தகுதியுள்ள நோயாளிகளில் குறைந்தது 75 சதவீதம் பேருக்குப் பதில் இருக்க வேண்டும், குறைந்தது 20 பேராவது இருக்க வேண்டும். நல்ல ரிசல்ட் வந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுக்கக் கூடாது. மெடிகேர் நோயாளி மட்டும் போதும் என்பது கிளெய்மிலேயே (மெடிகேருக்கு அனுப்பும் பில்) குறியீடு போட்டு அனுப்பும் முறைக்கு. அதற்கு செப்டம்பரில் ஆரம்பிப்பது வீண். போன கிளெய்மைக் குறியீடு சேர்ப்பதற்காக மட்டும் திரும்ப அனுப்ப முடியாது.

மூன்றாவது டாக்டர் விஷயம் கொஞ்சம் சிக்கல், நாளை எழுதுகிறேன். இங்கே விடிந்துவிட்டது, கேப் வந்துவிடும்.

துளிமருந்து (15 செப்டம்பர் 2025)

ஹூஸ்டனில் ஒரு ரெட்டினா கிளினிக்கில் டெக், டாக்டருக்கு முன்னால் நோயாளியைச் சோதித்துப் பதியும் டெக்னீஷியன். மேலே சொன்ன அண்ணன் கணக்குப்பிள்ளை. நான் அறைக்குள் நிற்பவள், அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

எங்கள் கிளினிக்கில் இரண்டு வருடம் முன்பு புகையிலை அளவீட்டில் 31 சதவீதம் வந்தது. டாக்டர் கொதித்துப்போனார். "நான் எல்லோரையும் கேட்கிறேனே!" என்றார். உண்மைதான், கேட்கிறார். ஒவ்வொரு சார்ட்டிலும் "புகைபிடிப்பவர், நிறுத்தச் சொன்னேன்" என்று அழகாக எழுதியும் இருந்தது. ஆனால் எழுதியது குறிப்புப் பெட்டியில். ரெஜிஸ்ட்ரி அந்தப் பெட்டியைப் படிக்கவில்லை, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் கட்டத்தை மட்டும்தான் பார்த்தது. கட்டம் காலி. அவ்வளவுதான்.

பார்வை அளவும் அப்படித்தான். 20/40 என்று கட்டத்தில் போட்டால் போகும். விரல் எண்ணும் அளவுக்கே பார்வை உள்ளவருக்கு எங்கள் பழைய டெக் ஒருவர் "மூன்றடியில் விரல்" என்று பக்கத்தில் கையால் அடித்துவிடுவார். ரெட்டினா பிரிந்து அறுவை செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் முதல் நாள் அப்படித்தான் வருகிறார்கள். 385-ஆம் எண் 90 நாளுக்குள் பார்வை முன்னேறியதா என்று கேட்கிறது. முன்னால் இருந்த அளவே பதிவாகவில்லை என்றால் எதிலிருந்து முன்னேறியது என்று யார் சொல்வது? எந்தக் கண் என்பதையும் பாருங்கள். வலது கண் அறுவை, இடது கண் பார்வை என்று ஒட்டிக்கொண்ட சார்ட்டுகள் எங்களிடம் ஒரு டஜன் இருந்தன.

ஆகவே நீங்கள் கணினி முன்னால் உட்காருவதற்கு முன் ஒரு நாள் டெக் பக்கத்தில் நின்று, எந்தக் கட்டத்தை நிரப்புகிறார் எதைத் தாண்டிப் போகிறார் என்று பாருங்கள். நாங்கள் புகையிலையையும் மருந்துப் பட்டியலையும் கண்பாவையை விரிக்கும் சொட்டு போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்துக்கு மாற்றினோம். அந்த இருபது நிமிடம் எப்படியும் சும்மாதான் போகிறது.

ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். 384-ஆம் எண், ரெட்டினா பிரிந்ததற்கு அறுவை செய்து 90 நாளுக்குள் திரும்ப அறுவை அரங்குக்குப் போகக் கூடாது என்கிறது. எங்கள் ஊரில் மற்றவர்கள் கைவிட்ட கேஸ்களை எடுப்பவர் எங்கள் டாக்டர். தாளில் பார்த்தால் அவர்தான் சுமாரான டாக்டர்.

தபால்காரன் (16 செப்டம்பர் 2025)

நான் ஒரு கண் கிளினிக்கின் கணக்காளர், மிச்சிகன். எதிர்க்கட்சியாகப் பேசுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். இவ்வளவு பாடுபட்டு 100-க்கு 100 வாங்கினால் என்ன கிடைக்கிறது? வெட்டப்பட்டவர்களின் பணத்தைத்தான் நன்றாகச் செய்தவர்களுக்குப் பகிர்கிறார்கள், வெட்டப்படுபவர்கள் குறைவு, ஆகவே பங்கும் குறைவு. எங்களுக்கு இந்த வருடம் கிடைத்தது இரண்டு சதவீதத்தை ஒட்டி. முன்பு சிறப்பு மதிப்பெண்ணுக்கென்று தனியாக ஒரு தொகை இருந்தது, அதுவும் முடிந்துபோனது. நான் எங்கள் டாக்டரிடம் சொல்வது: 75-ஐத் தொடு, நிறுத்து. அதற்கு மேலே போடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இரவுஷிப்ட் (16 செப்டம்பர் 2025)

தபால்காரன் சார் சொல்வது கணக்குப்படி சரி. ஆனால் 75-ஐக் குறிவைத்து ஓடினால் 72-இல் நிற்போம். 85-ஐக் குறிவையுங்கள். அதோடு இந்த மதிப்பெண் மெடிகேரின் பொதுத் தளத்தில் டாக்டர் பெயரோடு வரலாம், அவர் வேறு கிளினிக்குக்குப் போனாலும் வெட்டு கூடவே போகும். வேலை மாறப்போகிற டாக்டருக்கு இதைச் சொன்னால் அன்றே ஒழுங்காகிவிடுவார், என் அனுபவம்.

துளிமருந்து சொன்னதை மேடம் அச்சடித்து ஒட்டிக்கொள்ளுங்கள். நான் மாதக்கணக்கில் ரிப்போர்ட்டில் தேடும் தவறுகள் எல்லாம் அந்த அறைக்குள்தான் பிறக்கின்றன.

இப்போது மூன்றாவது டாக்டர். குழுவாக அனுப்புவதா, தனித்தனியாகவா என்பதுதான் கேள்வி. மெடிகேர் தொகை 90,000 டாலர், நோயாளிகள் 200, சேவைகள் 200, இந்த மூன்றையுமே தாண்டினால்தான் ஒரு டாக்டருக்குக் கட்டாயம். வாரத்துக்கு ஒன்றரை நாள் வருபவர் தனியாகப் பார்த்தால் தாண்டாமல் இருக்கலாம். அப்போது அவருக்கு விலக்கு, வெட்டும் இல்லை. குழுவாக அனுப்பினால் அவரும் உள்ளே வந்துவிடுவார்.

வந்தால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். கூடவே அவருடைய கண்புரை அறுவைச் செலவும் வரும். குழுவில் பத்து கேஸ் சேர்ந்தாலே செலவு அளவீடு விழித்துக்கொள்ளும். அறுவைக்கு 60 நாள் முன்பிருந்து 90 நாள் பின்பு வரை அந்தக் கண் தொடர்பாக மெடிகேர் கொடுத்ததைக் கூட்டி, நாட்டில் மற்றவர்களோடு ஒப்பிடுவார்கள். அப்போது பங்கீடு தரம் 40, செலவு 30, மேம்பாடு 30 என்று மாறிவிடும். நான் முதலில் சொன்ன அந்த இலவச 50 உங்களுக்கு 30 ஆகிவிடும். ஊசி மட்டும் போடும் இரண்டு டாக்டர்களின் மதிப்பெண், அவர்கள் செய்யாத கண்புரை அறுவையின் செலவைப் பொறுத்து ஏறி இறங்கும். ஆகவே மூன்று பேரின் என்பிஐ (டாக்டர் அடையாள) எண்ணையும் மிப்ஸுக்கான க்யூபிபி தளத்தில் போட்டுப் பாருங்கள். லாகின் தேவையில்லை, யாருக்குக் கட்டாயம், யாருக்கு இல்லை என்று அங்கேயே சொல்லிவிடும். அப்புறம் பேசலாம்.

ஒரு எச்சரிக்கை. மின்பதிவுப் பிரிவில் தானாகக் கிடைத்த விலக்கு, அந்தப் பிரிவுக்கு யாராவது தரவு அனுப்பிவிட்டால் போய்விடும். உங்கள் ஈஎச்ஆர் (மின்பதிவு மென்பொருள்) கம்பெனி நல்லெண்ணத்தில் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிடும். "அதை அனுப்பாதே" என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் கண் துறைக்கென்று ஒரு தனிப் பாதை வந்திருக்கிறது, அதில் ஆறுக்குப் பதில் நாலு அளவீடு. நவம்பருக்குள் பதிய வேண்டும். முதல் முறையாகச் செய்யும் நீங்கள் பழைய வழியிலேயே போங்கள், அடுத்த வருடம் பார்க்கலாம்.

ராரிட்டன்கரை (19 செப்டம்பர் 2025)

அண்ணா, தங்கச்சி, தபால்காரன் சார், எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் காணாமல்போனதற்குக் காரணம் சார்ட்டுகள்.

முதலில் பணம். 19 லட்சத்தில் மருந்து 14 லட்சம். மிச்சம் 5 லட்சத்துக்கு ஒன்பது சதவீதம் 45,000 டாலர். அதுவும் பெரிய பணம்தான், ஆனால் இரவில் தூங்க முடிகிற பணம்.

என்பிஐ போட்டுப் பார்த்தேன். இரண்டு ரெட்டினா டாக்டர்களுக்கும் கட்டாயம். மூன்றாமவருக்கு விலக்கு. தனித்தனியாகவே அனுப்பப் போகிறோம் என்று மூத்த டாக்டரிடம் சொன்னேன். "கண்புரைச் செலவு நம் மதிப்பெண்ணில் ஏறுமா?" என்று இரண்டு முறை கேட்டார். முதல் முறையாக அவர் இந்த விஷயத்தில் கேள்வி கேட்டுப் பார்த்தேன்.

புதன்கிழமை டெக் பக்கத்தில் நின்றேன். தங்கச்சி சொன்ன அதே கதை. புகையிலைக் கட்டத்தைத் தொடவே இல்லை. கேட்டால், "அது ஸ்கிரைப் போடுவார்" என்றாள். டாக்டர் சொல்வதைத் தட்டச்சு செய்யும் அந்த ஸ்கிரைப்பிடம் கேட்டேன், "அது டெக் போடுவார்" என்றார். இரண்டு வருடமாக யாருமே போடவில்லை போல. 300 சார்ட் திறந்து பார்த்ததில் 80 சொச்சத்தில் குறிப்புப் பெட்டியில் மட்டும் இருக்கிறது. இதைக் கட்டத்துக்கு நான் இப்போது மாற்றலாமா, அது தவறாகுமா? மேம்பாட்டுக்கு, ரெஜிஸ்ட்ரி தரவை மாதம் ஒரு முறை மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்து ஏதாவது ஒன்றை மாற்றுவது என்று எடுத்திருக்கிறோம். முதல் கூட்டம் வரும் செவ்வாய், மதியச் சாப்பாட்டோடு.

பாஸ்வேர்டு கதை இன்னும் முடியவில்லை. எனக்கென்று தனிக் கணக்கு உருவாக்கிவிட்டேன். கிளினிக்கின் பெயரில் அனுமதி கேட்டால், அதை அங்கீகரிக்க வேண்டியவர் என்று வருவது ஃப்ளோரிடா போன அம்மாவின் பெயர்.

இரவுஷிப்ட் (20 செப்டம்பர் 2025)

நீங்கள் பார்த்த நோயாளியின் சார்ட்டில் அன்றே எழுதியிருந்ததைக் கட்டத்தில் குறிப்பது தவறில்லை, ஆனால் யார் எப்போது குறித்தார் என்பது கணினியில் பதிவாகட்டும், டாக்டர் பார்த்து ஒப்பமிடட்டும். எழுதாததை இப்போது நினைவிலிருந்து சேர்ப்பதுதான் தவறு. ஆறு வருடம் வரை ஆதாரம் கேட்கலாம், செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தின் தேதியிட்ட குறிப்பு உட்பட எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். அது நீலமாக இருக்க வேண்டியதில்லை.

பாஸ்வேர்டு: அந்த அம்மாவின் கணக்கில் நுழையவே கூடாது, ஒருவர் கணக்கை இன்னொருவர் பயன்படுத்துவது விதிமீறல். பொறுப்பு அதிகாரி என்ற பதவிக்கு மூத்த டாக்டரே தன் பெயரில் விண்ணப்பிக்கட்டும், பிறகு உங்கள் கோரிக்கையை அவர் அங்கீகரிக்கலாம். அந்த அம்மாவிடம் போன் செய்து, அவர் கணக்கிலிருந்தே உங்களை அங்கீகரித்துவிட்டு விலகச் சொல்வது இன்னும் சுலபம். ஜனவரி 2-இலிருந்து மார்ச் 31 வரை தரவு ஏற்றலாம் என்று அசட்டையாக இருக்காதீர்கள். மார்ச் கடைசி வாரத்தில் அந்தத் தளத்தின் உதவி எண்ணில் காத்திருந்து நான் ஒரு முழு ஷிப்டைக் கழித்திருக்கிறேன்.

ராரிட்டன்கரை (20 செப்டம்பர் 2025)

இப்போதுதான் அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். கடற்கரையில் இருக்கிறாராம். "அக்டோபர் 3 மறக்கவில்லையே?" என்றுதான் முதலில் கேட்டார். இன்று இரவு அங்கீகரித்துவிடுகிறாராம்.